லியாவ் மாடத்தில் வேறொருவரின் அம்மா

1

என்னிடம் யாரும் கதை கேட்கவில்லை. ஒரு வரி கேட்டார்கள், அவ்வளவுதான். அதைக் கொடுக்க முடியாமல் போனதால்தான் இத்தனை பக்கம்.

பக்கத்து வீட்டு யூசான் ஒரு மழை நாளில் கையில் தாளோடு வந்தாள். லியாவ் குலத்தின் வம்ச நூல் பல வருஷங்களுக்குப் பிறகு மறுபதிப்பாகிறது. ஒவ்வொரு கிளைக்கும் ஒரு பக்கம். விவசாயக் கூட்டுறவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள், கையெழுத்து அழகு, எதையும் சரிபார்க்காமல் விடமாட்டாள் என்பதால் அவளுடைய கிளையின் பக்கத்தை அவள் தலையிலேயே கட்டியிருந்தார்கள். பக்கம் முழுக்க எழுதி முடித்திருந்தாள். கொள்ளுப்பாட்டி இப்போது இருக்கும் இடம் என்கிற வரி மட்டும் காலியாக இருந்தது.

"அக்கா, நீங்க எழுதறவங்கதானே. இந்த ஒரு வரிய எழுதிக் குடுங்க. பொய்யா இருக்கக் கூடாது. உண்மையும் தெரியக் கூடாது."

"அப்படி என்ன உண்மை?"

அவள் குடையை மடக்கவே இல்லை. "எங்க அஸ்தி மாடத்துல நாங்க கும்பிடறது எங்க கொள்ளுப்பாட்டி இல்லக்கா. வேற ஒருத்தரோட அம்மா. அவரு உயிரோட இருக்காரு. தேடிக்கிட்டு இருக்காரு."

உட்கார வைத்தேன். தேநீர் கொடுத்தேன். ஆறுதல் சொல்வதுபோல் ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கினேன். ஆறுதலுக்கு அவ்வளவு விவரம் தேவையில்லை, அது அவளுக்கும் தெரிந்திருக்கும். கடைசியில், "எழுதப் போறீங்கதானே?" என்றாள். நான் கோப்பைகளை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனேன். முதுகுக்குப் பின்னால், "எழுதினா பேர மாத்திடுங்க," என்றாள்.

பேர்களை மாற்றிவிட்டேன். ஊரை மாற்ற முடியவில்லை. இந்தத் தவறை ஷீலோவில் இருக்கிற லியாவ்களைத் தவிர வேறு யாராலும் செய்ய முடியாது.

2

கழித்துப் போட்ட தொடக்கங்கள்:

ஆற்றுப் பாலத்தின் சிவப்பு இரும்பில் மாலை வெயில் சாய்ந்துகொண்டிருந்தபோது, யூசானின் மனதிலும் ஏதோ ஒன்று—

(மழை என்று சொல்லிவிட்டேன்.)

லியாவ் யூசானுக்கு நேர்மை இரத்தத்திலேயே ஊறியது. அவளுடைய முன்னோர்கள்—

(முன்னோர்கள் யார் என்பதில்தானே சிக்கல்.)

தாயைத் தொலைத்த ஒரு மகனும், மகனைத் தொலைத்த ஒரு தாயும்—

இதை என் வாசகிகள் விரும்புவார்கள். நான் குடும்பக் காதல் கதைகள் எழுதுகிறவள். என் கடைசி அத்தியாயங்களில் சண்டை போட்ட எல்லாரும் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். இந்தக் கதையிலும் அந்த மேசையைப் போட்டுப் பார்த்தேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

இப்போதைக்கு நேராகவே தொடங்குகிறேன். லியாவ்கள் உயிரோடு இருக்கும்வரை லியாவ். இறந்தால் ஜாங்.

ஒரு காலத்தில் ஜாங் வீட்டுப் பையன் ஒருவன் லியாவ் வீட்டுக்கு வீட்டோடு மாப்பிள்ளையாகப் போனானாம். மாமனாருக்குக் கொடுத்த வாக்குக்காக வாழும்போது லியாவ், பெற்றவர்களுக்காக இறந்த பிறகு ஜாங் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டுப் போனானாம். அதனால் எங்கள் ஊரில் குடிப்பதிவில் ஒரு குலப்பெயர், கல்லறையில் இன்னொன்று. வெளியூர்க்காரர்களுக்குத் தலை சுற்றும். எங்களுக்கு அதில் கொஞ்சம் கர்வம்.*

* என் கணவரும் லியாவ்தான். வாழ்க்கைப்பட்டு வந்த புதிதில், "அப்போ செத்தப்புறம் என்னை விட்டுட்டு வேற வீட்டுக்குப் போயிடுவீங்களா?" என்று கேட்டேன். "நீயும்தான் வரணும். அங்கயும் சமைக்க ஆள் வேணும்ல," என்றார்.

3

யூசானிடம் இரண்டு சான்றுகள் இருந்தன. ஒன்று, எங்கள் தீவை ஜப்பானியர் ஆண்ட காலத்துக் குடிப்பதிவின் நகல். இன்னொன்று, ஆற்றங்கரைச் சாலை போடுவதற்காகப் பழைய இடுகாட்டைக் காலி செய்தபோது, தோண்டும் முன் அவளுடைய சித்தப்பா எடுத்த கல்லறைப் புகைப்படம். அந்தக் கல்லறையிலிருந்து எடுத்த எலும்புகள்தான் இன்று தாழியில், குடும்ப மாடத்தில், நடுத் தட்டில் இருக்கின்றன.

இரண்டு சான்றும் ஒன்றோடொன்று பேசவில்லை. நகலையும் புகைப்படத்தையும் எடுத்துக்கொண்டு சித்தப்பா வீட்டுக்குப் போனாள். தியென்-சாய் சித்தப்பாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. மொத்தச் சந்தையில் முட்டைக்கோஸ் தரகராக இருந்தவர். எதைக் கேட்டாலும் விலை சொல்வதுபோல் உடனே பதில் சொல்லிப் பழகியவர். வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார்.

"சித்தப்பா, பதிவுல லியாவ்னு இருக்கு. கல்லுல ஜாங்."

"இதெல்லாம் ஒரு கேள்வியா? செத்தா ஜாங். அடுத்தது கேளு."

"வருஷம் இடிக்குது. கல்லுல ஒரு வருஷம் முன்னாடி இருக்கு."

"நம்ம கணக்குல பன்னெண்டாம் மாசம் போயிருப்பாங்க. ஜப்பான்காரன் கணக்குல அதுக்குள்ள அடுத்த வருஷம் பொறந்திருக்கும். கல்வெட்டறவன் நம்ம ஆளுதானே."

"கல்ல 'மூன்று வீட்டார்' நிறுத்தினதா வெட்டியிருக்கு. மூணு பிள்ளைங்க இருந்தாத்தானே மூணு வீடு? தாத்தா ஒரே பிள்ளை."

"ஒத்தை வீடுன்னு கல்லுல வெட்டினா நல்லாவா இருக்கும்? குலம் பெருகட்டும்னு மூணுன்னு போடறதுதான். நீ கூட்டுறவுல என்ன வேலை பாத்தே? யாரு கேட்டாலும் இப்படித்தான் திருப்பி அனுப்புவியா?"

அவர் சொன்னது ஒவ்வொன்றும் சரி. அதுதான் தொல்லை. எங்கள் ஊரில் எந்த முரண்பாட்டுக்கும் ஒரு வழக்கம் தயாராகக் காத்திருக்கும். யூசானுக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது. தாள்களை மடிக்கும்போது, ஒரு வேடிக்கைக்காக, கடைசிக் கட்டத்தைப் படித்தாள்.

"ஜப்பான்காரன் பொம்பளைங்க பாதத்தைக்கூட எழுதி வெச்சிருக்கான். கொள்ளுப்பாட்டிக்கு 'கட்டிய பாதம்'னு போட்டிருக்கு."

அடுப்படியிலிருந்து பீஷியா சித்தி சிரித்தாள். "யாருக்கு, நம்ம கிழவிக்கா? போடி. எலும்பு எடுத்தப்ப குடை பிடிச்சவ நான். வெயில் படக் கூடாதுன்னு கை கடுக்கப் பிடிச்சேன். கால் எலும்ப வரிசையா அடுக்கினாங்க. அகலமா, நீளமா, என் கால் மாதிரியே. 'உங்களுக்கும் கடையில செருப்பு கிடைச்சிருக்காது பாட்டி'ன்னு சிரிச்சேன். இந்த மனுஷன் முறைச்சாரு."

"நல்லா ஞாபகம் இருக்கா சித்தி?"

"மறக்குமா? என் பாதம் மாதிரி இன்னொரு பாதத்த நான் வேற எங்கயும் பார்த்ததே—"

அங்கே நிறுத்தினாள். சிறுமியாக இருக்கும்போதே, சின்னப் பாதம்தான் அழகு என்று துணியால் இறுக்கி மடித்துக் கட்டிய பாதத்தில் எலும்பும் மடிந்துதான் வளரும். இறந்த பிறகு அது விரிவதில்லை. இது சித்திக்கும் தெரியும்.

சித்தப்பா கடலை உரிப்பதை நிறுத்தவில்லை. ஆனால் பருப்பை ஓட்டுக் குவியலில் போட்டார்.

பாதத்துக்கு எந்த வழக்கமும் பதில் சொல்லவில்லை. ஊரில் லியாவ் அல்லாத ஜாங்குகளும் இருக்கிறார்கள், பிறக்கும்போதும் ஜாங், இறந்தாலும் ஜாங். அவர்களிலும், யூசானின் கொள்ளுப்பாட்டியைப் போலவே லின் வீட்டில் பிறந்த பெண்ணைக் கட்டியவர்கள் இருப்பார்கள் என்று அன்றைக்கு இடுகாட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை. பெண்களின் கல்லில் குலப்பெயர்கள் மட்டும்தான், சொந்தப் பெயர் வெட்டுவதில்லை. கல்லில் ஜாங் என்று பார்த்தால் நம்மவர் என்றே எங்கள் கண் படிக்கும்.

4

சித்தப்பா என் கையில் அடங்கவில்லை.

முதல் வரைவில் அவரை அவசரக்காரராக, ஊரில் பேர் வாங்க யாரோ ஒருத்தியின் எலும்பை அள்ளி வந்தவராக எழுதினேன். தப்பு செய்தவர் ஒருவர் இருந்தால் கதை சுலபமாக நடக்கும். யூசான் படித்துவிட்டுத் தாளை மேசையில் குப்புறக் கவிழ்த்தாள்.

"அவரு ஒவ்வொரு வருஷமும் சிங்மிங்குல பெரியவங்களுக்குப் படைக்கறப்ப மாடத்துப் படிய முட்டி போட்டுத் தொடைப்பாரு. அந்தத் தாழிய மட்டும் யாரையும் தொட விடமாட்டாரு. நீங்க பார்த்ததில்ல."

பார்த்ததில்லை. அதனால் மறுபடி எழுதினேன்: பாட்டி இறந்தபோது அவர் சின்னப் பையன். இடுகாட்டில் ஒரு மூங்கில் புதர் பக்கத்தில் புதைத்தது மட்டும் நினைவு. இடத்தைக் காலி செய்ய உத்தரவு வந்தபோது புதர் இல்லை. உரிமை கோராத எலும்புகளை எல்லாம் மூட்டை கட்டி, பேரில்லாதவர்களின் பொது மாடத்தில் ஒன்றாகப் போட்டுவிடுவார்கள். கெடு முடியும் நாளில் அவர் அந்தக் கல்லைப் பார்த்தார். ஜாங். லின் வீட்டில் பிறந்தவள். கிட்டத்தட்ட அதே வருஷம். அவர் அழுதுவிட்டாராம்.

[இது நடந்ததுதான். ஆனால் முழுவதும் இல்லை. அப்போது எனக்கும் இவ்வளவுதான் தெரியும்.]

5

பேரூராட்சி இடுகாட்டுப் பிரிவில் இருந்த பெண் புகைப்படத்தைப் பார்த்ததும் சொன்னாள்: "இந்தக் கல்லா? இதைக் கேட்டு வருஷா வருஷம் ஒரு தாத்தா வருவாரே. அர்லுன்ல இருக்காரு. அம்மாவத் தொலைச்சுட்டேம்பாரு."

யூசான் அன்றே பக்கத்து ஊரான அர்லுனுக்குப் போனாள். ஏன் போனாள் என்று எனக்குப் புரியவில்லை, அவளுக்கும் புரியவில்லை. பேசாமல் இருக்க முடிவு செய்தவர்கள் போக மாட்டார்கள். சொல்ல முடிவு செய்தவர்கள் சித்தப்பாவிடம் கேட்டுவிட்டுப் போவார்கள். அவள் ஸ்கூட்டரை நிறுத்தியபோது முலாம்பழக் கொடிகளுக்கு நடுவிலிருந்து ஒரு வைக்கோல் தொப்பி நிமிர்ந்தது.

"ஆபீஸ்லேர்ந்தா வர்றீங்க?" என்றார் ஜாங் ஷுய்-மூ.

"இல்லீங்க ஐயா. வம்ச நூல் வேலை. பழைய இடுகாட்டுல இருந்தவங்களப் பத்தி விசாரிச்சிக்கிட்டு…"

பொய் இல்லை. அவள் என்னிடம் கேட்ட வரியைப்போலவே.

"அப்பாடா, ஒருத்தராவது விசாரிக்கறீங்களே. வாங்க, நிழலுக்கு வாங்க." அவர் ஒரு முக்காலியைத் துடைத்துப் போட்டார். "ரோடு போட்டப்ப நான் மீன்பிடிக் கப்பல்ல. நோட்டீஸ் ஒட்டினாங்களாம், கடல்ல யாரு ஒட்டுவா? அண்ணனுங்க ரெண்டு பேரும் அதுக்கு முன்னாடியே போய்ட்டாங்க. மூணாவது வீட்டுக்காரன் நான் ஒருத்தன்தான் பாக்கி. திரும்பி வந்து பார்த்தா அம்மா இருந்த இடத்துல தார் ரோடு."

"அப்போ சிங்மிங்குக்கு?"

"ரோட்டோரமாவே வெச்சுக் கும்பிடுவேன். லாரிக்காரனுங்க ஹாரன் அடிப்பானுங்க. சில பேரு யாரோ அடிபட்டுச் செத்த இடம்னு நினைச்சு வண்டிய நிறுத்திக் கும்பிட்டுட்டுப் போவான். பரவால்ல, எங்க அம்மாவுக்குக் கூட்டம் பிடிக்கும்னு நினைச்சுக்குவேன். பிடிக்குமா பிடிக்காதான்னு எனக்கென்ன தெரியும்."

"முகம் ஞாபகம் இருக்கா ஐயா?"

"முகம் இல்லம்மா. முதுகு தெரியும், என்னை அதுலதானே கட்டிக்கிட்டு நாத்து நடுவாங்க. அப்புறம் சேத்துல அவங்க கால் தடம். ஒரு தடத்துக்குள்ள என்னோட ரெண்டு காலையும் வெச்சு நிப்பேன். இடம் பாக்கி இருக்கும்."

யூசான் வாயைத் திறந்தாள். அவர் அதற்குள் ஒரு பழத்தை வெட்டிவிட்டார். "சாப்பிடுங்க. வெயில்ல வந்திருக்கீங்க. பேச்சு எங்க போகுது."

சாப்பிட்டாள். கிளம்பும்போது இரண்டு பழத்தைக் கயிற்றில் கட்டி ஸ்கூட்டரில் மாட்டினார். ஏதாவது தெரிந்தால் சொல்லச் சொல்லித் தொலைபேசி எண் கொடுத்தார். தெரிந்தால் சொல்கிறேன் என்றாள்.

அந்தப் பழங்களில் ஒன்று எங்கள் வீட்டுக்கு வந்தது. நல்ல இனிப்பு.

(இந்த இடத்தில் ஒன்றை மறைக்க விரும்பவில்லை. ஒரு வரைவில் ஷுய்-மூவுக்கு வயதைப் பதினைந்து வருஷம் குறைத்து, மனைவியை இழந்தவராக்கி, யூசான் தனியாக இருப்பவள் என்பதை முதல் பக்கத்திலேயே சொல்லி வைத்தேன். பழத்தை நீட்டும்போது விரல்கள்— அங்கே நிறுத்தினேன். தொலைந்த அம்மாவைப் பற்றி ஒருவர் பேசிக்கொண்டிருக்கிறார், நான் அவருக்குப் பெண் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கை பழக்கத்தில் போகிறது. பழக்கம் என்று சொன்னால் மட்டும் சரியாகிவிடுமா?)

6

ஏழாம் மாதம் வந்தது. வாசலுக்கு வெளியே மேசை போட்டு, போக்கிடம் இல்லாத ஆவிகளுக்குப் படைக்கும் மாதம். அவர்களைப் பேய் என்று யாரும் சொல்வதில்லை, 'நல்ல அண்ணன் தம்பிகள்' என்போம். சொல்லில் இருக்கும் மரியாதை படையலில் இருக்காது. வீட்டு முன்னோர்களுக்குக் கோழியை முழுதாக வேகவைப்போம். வெளியே நிற்பவர்களுக்கு நூடுல்ஸ் பொட்டலம், பிஸ்கட், யாரும் குடிக்காத டின் பானம்.

யூசான் அன்று மேசையில் பொட்டலங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். தேதி முடியப்போகும் பிஸ்கட்டாகப் பார்த்துத்தான் எடுத்து வந்திருந்தாள். ஒவ்வொரு வருஷமும் அப்படித்தான். கொளுத்திய ஊதுபத்தியை நடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

இத்தனை நாள் அவள் யோசித்ததெல்லாம் மாடத்தில் இருப்பவளைப் பற்றித்தான். யாருடைய அம்மா, எப்படித் திருப்பிக் கொடுப்பது, ஊர் என்ன சொல்லும். தன்னுடைய கொள்ளுப்பாட்டி எங்கே என்று அவள் கேட்டுக்கொள்ளவே இல்லை. அந்த இடுகாட்டில்தான் எங்கோ இருந்திருக்கிறாள். யாரும் கோரவில்லை. மூட்டையில் கட்டியிருப்பார்கள். எலும்போடு எலும்பாகக் கலந்திருப்பார்கள். இனி எந்தப் பதிவாலும் பிரிக்க முடியாது.

அப்படியென்றால் அவளுக்குச் சாப்பாடு எங்கே கிடைத்திருக்கும்? இங்கேதான். இந்த மேசையில்தான். சொந்தக் கொள்ளுப்பேத்தி வீட்டு வாசலுக்கு வெளியே, கூட்டத்தோடு கூட்டமாக, கட்டிய பாதத்தோடு நிற்கக்கூட முடியாமல் நின்று, உள்ளே வேறொருத்திக்குக் கோழி வைப்பதைப் பார்த்துக்கொண்டு.

யூசான் உள்ளே ஓடினாள். குளிர்பெட்டியைத் திறந்தாள். முந்தின நாள் மீனும் பாதிக் கோஸும் இருந்தன. அவற்றை எடுத்து வரலாமா, அது இன்னும் கேவலமா என்று தெரியாமல் கதவைத் திறந்து வைத்தபடியே நின்றாள். அந்தப் பெட்டி கதவை மூடச் சொல்லிக் கீச்சிட ஆரம்பித்தது.

அதன் மறுநாள்தான் தாளை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள்.

7

நான் அந்த வரியை எழுதியேவிட்டேன், தெரியுமா? தேநீர் ஆறுவதற்குள் எழுதிவிட்டேன்.

'ஜாங் வீட்டு அன்னை, லின் குலத்தில் பிறந்தவர், குடும்ப மாடத்தில் அமைதி கொள்கிறார்.'

ஒரு சொல்லும் பொய் இல்லை. மாடத்தில் இருப்பவள் ஜாங் வீட்டு அன்னைதான், லின் வீட்டில் பிறந்தவள்தான். படிக்கிற லியாவ்கள் தங்கள் வழக்கப்படி படித்துக்கொள்வார்கள். யூசான் கேட்டது அப்படியே வந்திருந்தது. அவள் அதை வாசித்தாள், இன்னொரு முறை வாசித்தாள்.

"ரொம்ப நல்லா இருக்குக்கா," என்றாள். அதைச் சொன்ன விதத்தில் எனக்கு முகம் எரிந்தது.

தாளை எடுத்துக்கொண்டு நேராகச் சித்தப்பா வீட்டுக்குப் போனாள். இனி வருவது அங்கே நடந்தது.

"சித்தப்பா, நான் அவரப் பார்த்துட்டேன்."

"யாரடி?" என்றாள் பீஷியா சித்தி.

"அந்தப் பாதத்துக்காரங்களோட மகன. அர்லுன்ல இருக்காரு."

சித்தப்பா தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தார். அணைக்கவில்லை. "வீடு கட்டினோம். உன் தம்பி டாக்டர் ஆனான். எல்லாம் யாரு ஆசீர்வாதம்? அப்போ நாம போட்ட சோறெல்லாம் சும்மாவா?"

"அவங்க ஆசீர்வாதம்தான்," என்றாள் சித்தி. "பெத்த பிள்ளைக்குப் போக வேண்டியத நமக்குக் குடுத்திருக்காங்க. அடைச்சு வெச்சிருந்தா வேற யாருக்குக் குடுப்பாங்க?"

"நீ சும்மா இரு."

"அன்னிலேர்ந்து சும்மாதான் இருக்கேன்."

யூசான் இருவரையும் பார்த்தாள். ஒரு வழி சொல்வதாக நினைத்துக்கொண்டு, "வேணும்னா மாடத்துக்குப் போய் கட்டையப் போட்டுக் கேக்கலாம் சித்தப்பா. இருக்கறீங்களா, போறீங்களான்னு அவங்களையே கேட்டுடலாம்," என்றாள்.

பிறை வடிவ மரக்கட்டைகள் இரண்டு. முன்னோரிடமோ சாமியிடமோ கேள்வி கேட்டுத் தரையில் போடுவோம். ஒன்று குப்புறவும் ஒன்று மல்லாந்தும் விழுந்தால் 'ஆம்'. இரண்டும் குப்புற விழுந்தால் 'இல்லை'. இரண்டும் மல்லாந்தால் அவர்கள் சிரிக்கிறார்கள்.

"வேணாம்," என்றார் சித்தப்பா. தொலைக்காட்சியைப் பார்த்தபடியே, "அன்னிக்குக் கேட்டேன்," என்றார்.

"எதை?"

"தோண்டறதுக்கு முன்னாடி. 'நீங்க என் பாட்டிதானா'ன்னு கேட்டுப் போட்டேன். இல்லைன்னாங்க. மறுபடி போட்டேன். இல்லைன்னாங்க. மூணாவது தடவை சிரிச்சாங்க. பின்னாடி மண்ணள்ளற வண்டி நிக்குது. உங்க அப்பா, அத்தைங்க எல்லாரும் ஊதுபத்தியப் புடிச்சுக்கிட்டு என் முதுகையே பார்க்கறாங்க. நான் உடம்பால மறைச்சுக்கிட்டேன். நாலாவது தடவை ஆம்னு விழுந்துது. திரும்பி, 'ஆமாங்கறாங்க'ன்னேன். எல்லாரும் அழுதாங்க. நானும் அழுதேன். எதுக்கு அழுதேன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது."

பீஷியா சித்தி சொன்னாள்: "நான் பார்த்தேன். பக்கத்துலதானே குடையோட நின்னேன்."

சித்தப்பா திரும்பினார். இத்தனை வருஷத்தில் அது அவருக்குத் தெரியாது.

"பார்த்தீங்களா? அப்போ ஏன் சித்தி சொல்லல?"

"அத்தனை பேரு முன்னாடி உங்க சித்தப்பாவ விட்டுக் குடுக்கச் சொல்றியா? வீட்டுக்கு வந்து சொல்லலாம்னு இருந்தேன். வீட்டுக்கு வந்தா எல்லாரும் சந்தோஷமா சாப்பிட்டுக்கிட்டு இருந்தாங்க. அப்புறம் அது அப்படியே…" அவள் சொல்லி முடிக்கவில்லை. நானும் முடிக்கப் போவதில்லை.

"இல்லைன்னு தெளிவாச் சொன்னாங்கம்மா," என்றார் சித்தப்பா. "வாயில்லாதவங்க. அந்த ரெண்டு கட்டைய விட்டா அவங்களுக்குச் சொல்ல வேற என்ன இருக்கு? சொன்னாங்க. நான்தான் காது குடுக்கல."

8

மேசை முடிவு: அடுத்த சிங்மிங்கில் இரண்டு குடும்பமும் ஒன்றாகப் படைக்கிறார்கள். தியென்-சாயும் ஷுய்-மூவும் ஒருவருக்கொருவர் மது ஊற்றுகிறார்கள். முலாம்பழம் வெட்டப்படுகிறது. 'ஓர் அன்னைக்கு இரண்டு வீடு' என்று கடைசி வரி. இதை யூசானிடம் வாசித்துக் காட்டினேன். "எங்க கொள்ளுப்பாட்டிக்கு அந்த மேசையில எங்க இடம் போட்டிருக்கீங்க?" என்று கேட்டாள். போடவில்லை. மறந்தே போயிருந்தேன்.

மௌன முடிவு: நான் எழுதிய வரி அச்சாகிறது. யாரும் எதையும்— இதை நீட்ட எனக்குப் பிடிக்கவில்லை. நன்றாக வந்துவிடும் என்று பயமாக இருந்தது.

நடந்ததில் எனக்குத் தெரிந்தது:

மூவரும் மறுநாள் காலை கிளம்பினார்கள். பீஷியா சித்தி அர்லுனுக்கு வரவில்லை. வழியில் மாடத்தில் இறங்கிக்கொண்டாள். "வீட்டுக்குப் போகப் போறோம்னு அவங்ககிட்டயும் யாராவது சொல்லணும்ல," என்றாள். "இந்த மனுஷன் சொன்னா நம்ப மாட்டாங்க."

யூசான் வண்டி ஓட்டினாள். சித்தப்பா பக்கத்தில் உட்கார்ந்து, பேசப்போவதைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தார். சாலை போட்ட கதை, மூங்கில் புதர், கல், குலப்பெயர் வழக்கம், எல்லாம் வரிசையாக. எல்லாமே சரியாக இருந்தது, முட்டைக்கோஸ் பேரம் மாதிரி. ஒவ்வொரு முறையும் கட்டை போட்ட இடத்துக்கு வரும்போது முதலிலிருந்து ஆரம்பித்தார்.

ஷுய்-மூ வாசலில்தான் இருந்தார். யூசானைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, "பழம் எப்படி இருந்துது?" என்றார். பிறகு, பின்னால் இறங்கி வந்த தன் வயதுக்காரரைப் பார்த்தார். சித்தப்பா தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். ஒத்திகை பார்த்த எதுவும் வரவில்லை.

"அண்ணே," என்றார். "உங்க அம்மா எங்க வீட்ல இருக்காங்க."

ஷுய்-மூவுக்கு உடனே புரியவில்லை. எண்பது வயது மனிதர், சித்தப்பாவின் தோளுக்கு மேலாக எட்டி, காரின் பின்சீட்டைப் பார்த்தார். யாராவது இறங்கப் போகிறார்களா என்று.

அங்கே யாரும் இல்லை. அவர் பார்வையை மறுபடி சித்தப்பாவின் முகத்துக்குக் கொண்டுவந்தார். பிறகு அவர் ஏதோ சொன்னார்.

என்ன சொன்னார் என்று யூசான் என்னிடம் சொல்லியிருக்கிறாள். எழுத மாட்டேன். அது அன்பான சொல்லாக இருந்தால் உங்களுக்கும் எனக்கும் மனசு லேசாகிவிடும். கடுமையான சொல்லாக இருந்தால் கணக்கு தீர்ந்ததுபோல் இருக்கும். இரண்டும் நமக்குச் சேர வேண்டியதில்லை. அது சித்தப்பாவுக்குச் சொன்னது.

நீங்கள் எழுதிப் பார்க்கலாம், தடுக்கவில்லை. நானும் பல விதமாக எழுதிப் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் ஷுய்-மூ எனக்குப் பிடித்ததையே சொன்னார். பிடிக்காததைச் சொன்னபோதெல்லாம் அழித்துவிட்டு இன்னொரு முறை எழுதியிருக்கிறேன். நாலாவது முறை எழுதும்போதுதான் நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று தெரிந்து பேனாவை வைத்தேன்.